சி டிரைவில் ஒன்றும் இல்லையா?

“சி டிரைவில் என்ன சார் இருக்கு, வெறும் விண்டோஸ்தான். ஃபார்மட் அடிச்சிடலாம்.” கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இதற்கு ஒரு மறுபாதியும் உண்டு. டெஸ்க்டாப்பில் நாலு ஃபைல் இருக்கிறதே என்று தயங்கினால், “டிஸ்கைக் கழற்றி இன்னொரு சிஸ்டத்துல மாட்டி காப்பி பண்ணிடலாம். அனுமதி இல்லைன்னு சொன்னா ஓனர்ஷிப் எடுத்துட்டா போதும்” என்பார்கள். சொல்பவர்கள் ஏமாற்றவில்லை, ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் வேலை பார்த்து வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரோடு நன்றாகப் புழங்குகிற நண்பர்களும் இதையே நம்புகிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழையதைக் காலிசெய்து புதியதை நிறுவும் வேலை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நடக்கிற நேரம் இது. அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: சி டிரைவில் ஒன்றும் இல்லை என்பது தவறு. பூட்டிய ஃபோல்டரை உடைத்துக் காப்பி எடுப்பதுதான் பேக்கப் என்பது அதைவிடப் பெரிய தவறு.

ஒரே டிஸ்கை சி, டி, இ என்று பிரித்து, விண்டோஸை சி-யிலும் சொந்த ஃபைல்களை டி-யிலும் வைக்கும் வழக்கம் விண்டோஸ் 98 காலத்திலிருந்தே நம்மிடம் ஊறிப்போனது. அடிக்கடி விண்டோஸை மறுபடி போட வேண்டியிருந்த அந்தக் காலத்தில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விண்டோஸ் கெட்டால் கைகொடுக்கும். டிஸ்க் செத்தால் கைகொடுக்காது. சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். எஸ்எஸ்டி பல சமயம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். அப்போது இரண்டும் ஒன்றாகவே போகும்.

சரி, டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் மட்டும்தான் கெட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது சி-யில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியுமா? விண்டோஸ் விஸ்டா 2007-இல் கடைக்கு வந்தபோது, சாதாரண புரோகிராம்கள் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுதுவதை மைக்ரோசாஃப்ட் தடுத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பல கணக்கு, பில்லிங் புரோகிராம்கள் தங்கள் டேட்டாவை அங்கேயே எழுதிப் பழகியவை. அவை நின்றுபோகாமல் இருக்க ஒரு மாற்று வழி செய்தார்கள். பழைய 32 பிட் புரோகிராம் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது. உரிமையாளருக்கும் தெரியாது. ஃபார்மட் அடிக்கும் முன் அவர் பொறுப்பாகப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுக்கிறார். அங்கே இருப்பது நிறுவிய நாளில் வந்த வெற்று ஃபைல். நிஜக் கணக்கு வேறிடத்தில் இருந்து அழிந்துபோகிறது. அவர் செய்ததில் பிழை ஏதும் இல்லை. ‘எனக்குத் தேவையான ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். இன்றைய விண்டோஸில் அது யாருக்கும் முழுதாகத் தெரியாது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பத்திரங்கள், மலர்கள், புத்தகப் பிரதிகள் டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன. அந்த ஃபைல்களுக்குள் பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துகிறது. ஃபைலை டி-யில் பத்திரமாக வைத்து சி-யை அழித்தால், மறுநாள் திறக்கும்போது, பாமினியில் அடித்ததென்றால், புள்ளி வைத்த மெய்யெழுத்து இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துருக்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில்தானே இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றால், அதுவும் பாதிதான். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் பயனர் தனக்கென்று மட்டும் நிறுவும் எழுத்துருக்கள் ஆப்டேட்டாவுக்குள் வேறோர் ஃபோல்டரில் போய் உட்காருகின்றன.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இன்னும் ஆழமான இடத்தில் கட்டுண்டவை. குரோமின் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்துப் புதிய விண்டோஸில் வைத்தாலும் அவை திறக்காது. அவற்றைப் பூட்டிய சாவி உங்கள் விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்டோடும், அந்தக் கணக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணோடும் பிணைந்திருக்கிறது. கணக்கு அழிந்தால் சாவியும் போகும். ஸ்டிக்கி நோட்ஸில் குறித்து வைத்தவை பிளம் என்ற பெயரில் ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கின்றன. கடைசியாக எழுதியவை அதன் பக்கத்தில் உள்ள தனிப் பதிவு ஃபைலில் தங்கியிருக்கலாம். முதலாவதை மட்டும் எடுப்பவருக்குப் பழைய குறிப்புகள்தான் கிடைக்கும்.

இனி இரண்டாவது பாதிக்கு வருகிறேன். என் சினமெல்லாம் இதன்மேல்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் சி டிரைவைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எக்ஸ்டெர்னல் டிஸ்குக்கு இழுத்துப் போட்டால் இரண்டு வகையான மறுப்புகள் வரும். ஒன்று, ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்பது. ரெஜிஸ்ட்ரியின் மூல ஃபைல்கள், ஒவ்வொரு பயனருக்கும் உரிய என்டியூசர் டாட் ஃபைல் ஆகியவற்றை விண்டோஸ் இறுகப் பிடித்திருக்கும். மற்றொன்று, அனுமதி இல்லை என்பது. இவை இரண்டும் வெவ்வேறு. ஓனர்ஷிப் எடுப்பதால் முதல் வகை அசையவே அசையாது. இரண்டாவது வகை அசையும், அசைவதுதான் ஆபத்து.

டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற ஃபோல்டரைக் கிளிக் செய்து மறுக்கப்படாதவர் உண்டா? எக்ஸ்பி காலத்தில் பயனர்களின் ஃபைல்கள் அங்கே இருந்தன. விஸ்டாவில் அவை யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்கு மாறின. பழைய பெயரைத் தேடி வரும் புரோகிராம்களுக்காக அந்த இடத்தில் ஒரு வழிகாட்டி மட்டும் வைக்கப்பட்டது. அதற்குள் ஃபைல் எதுவும் கிடையாது; யூசர்ஸ் ஃபோல்டருக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அதைத் திறந்து பட்டியலிடக் கூடாது என்று எல்லோருக்கும் தடை போட்டதும் தெரிந்தே செய்ததுதான். இதே போல ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன் டேட்டா என்று ஒரு வழிகாட்டி உண்டு. அது சுட்டுவது அதே லோக்கல் ஃபோல்டரை. தடையை நீக்கிவிட்டு, இந்த வழிகாட்டிகளைப் புரிந்துகொள்ளாத ஒரு புரோகிராமைக் காப்பி எடுக்கச் சொன்னால், லோக்கலுக்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் மறுபடி அப்ளிகேஷன் டேட்டா என்று பாதையின் நீளம் 260 எழுத்து வரம்பை முட்டும் வரை சுற்றிக்கொண்டே போகும். “என் டேட்டாவை விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கிறது” என்று நினைத்து உடைத்த பூட்டுக்குப் பின்னால் இருந்தது இந்தச் சுழல்.

உடைத்த பிறகு என்ன ஆகிறது? விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முக்கிய ஃபைல்களின் உரிமையாளர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சேவை. அட்மினிஸ்ட்ரேட்டருக்கே படிக்கவும் இயக்கவும்தான் அனுமதி. ஓனர்ஷிப்பைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் அனைத்துக்கும் ஒரே அனுமதியைப் பரப்பும்போது, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக எழுதியிருந்த அனுமதிப் பட்டியல் அழிகிறது. அதைப் பழையபடி எழுதிவைக்க விண்டோஸில் ஒற்றைப் பொத்தான் ஏதும் இல்லை. விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரில் கைவைத்தவர்களுக்கு ஸ்டோரிலிருந்து வந்த செயலிகள் திறக்காமல் போகும். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி ஃபைலை எல்லோரும் படிக்கும்படி விட்டால், அந்தச் சாவியை ஏற்க எஸ்எஸ்எச் புரோகிராமே மறுத்துவிடும். அப்படி மறுப்பது சரியும்கூட. இவற்றையெல்லாம்விடக் கொடியது எவரிஒன், ஃபுல் கன்ட்ரோல் என்ற சேர்க்கை. சிஸ்டம் ஃபோல்டர்களில் அதைக் கொடுத்த பிறகு, உங்கள் பெயரில் ஓடும் எந்தச் சாதாரண புரோகிராமும், தெரியாமல் திறந்த ஒரு மெயில் இணைப்பும்கூட, விண்டோஸ் தன் உச்ச அதிகாரத்தோடு இயக்கும் ஃபைல்களை மாற்றி எழுதலாம். 2017 மே 12-இல், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வானாக்ரை பரவியபோது உலகம் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். டேட்டாவைக் காப்பாற்றுவதற்காக என்று திறந்த கதவு இது.

இத்தனையும் செய்து எடுத்த காப்பியாவது உருப்படியா? கடையில் வாங்கும் பென் டிரைவும் பல எக்ஸ்டெர்னல் டிஸ்குகளும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட் 32 முறையில் வருகின்றன. அங்கே விண்டோஸின் அனுமதிப் பட்டியலை எழுத இடமே கிடையாது. ஒரே ஃபைல் பல பெயர்களில் தோன்றும் இணைப்புகளும் இருக்காது. விண்டோஸின் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் அத்தகைய இணைப்புகளால் ஆனது, காப்பி எடுக்கும்போது ஒவ்வொன்றும் தனி ஃபைலாக ஊதிப்போகும். கம்ப்யூட்டரைத் துவக்கும் நிரல் சி-யிலேயே இல்லை. அது சுமார் 100 எம்பி அளவில், எக்ஸ்ப்ளோரரில் தெரியாத வேறொரு சிறு பகுதியில் இருக்கிறது. செங்கல், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புது மனையில் கொட்டினால் வீடு வந்துவிட்டதாகாது; காப்பி எடுத்த சி டிரைவும் அப்படித்தான், அதிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரும் துவங்காது.

பூட்டை உடைக்கத் தேவையே இல்லை. விண்டோஸ் என்டி 1993-இல் வந்ததிலிருந்தே பேக்கப்புக்கென்று தனி உரிமை ஒன்று இருக்கிறது. அந்த உரிமையோடு ஓடும் புரோகிராம், ஃபைலின் அனுமதிப் பட்டியல் என்ன சொன்னாலும் அதைப் படிக்கலாம். படிக்கும்போது அனுமதிப் பட்டியலையும் உரிமையாளர் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். பட்டியலில் ஒரு வரிகூட மாறாது. பேக்கப் ஆப்பரேட்டர்ஸ் என்ற குழு இந்த உரிமைக்காகவே உண்டாக்கப்பட்டது. விஸ்டா முதல் விண்டோஸோடு இலவசமாக வரும் ரோபோகாப்பி, பேக்கப் முறைக்கான சுவிட்சைக் கொடுத்தால் இந்த உரிமையைப் பயன்படுத்தும். வழிகாட்டிகளைத் தாண்டிப்போகவும் அதில் சுவிட்ச் உண்டு. எக்ஸ்ப்ளோரர் இந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை. நாம் எக்ஸ்ப்ளோரரை மட்டுமே பார்த்துவிட்டு, வழியே இல்லை என்று முடிவுகட்டிவிட்டோம்.

விண்டோஸ் இறுகப் பிடித்திருக்கும் ஃபைல்களுக்கும் வழி உண்டு. எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் வந்த வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவை அது. பேக்கப் புரோகிராம் கேட்டதும், இந்தச் சேவை டேட்டாபேஸ் போன்ற புரோகிராம்களிடம் கையிலிருக்கும் வேலையை எழுதி முடித்து நிற்கும்படி சொல்கிறது. அவை அதிகபட்சம் 60 விநாடிதான் நிற்க வேண்டும். டிஸ்கில் எழுதுவது நிறுத்தப்படுவது 10 விநாடியைத் தாண்டாது. அந்த இடைவெளியில் அக்கணத்தின் நிலை குறிக்கப்படுகிறது. பிறகு எல்லாம் வழக்கம்போல் ஓடும். ஓர் இடத்தில் புதிதாக எழுத வேண்டி வந்தால், அங்கிருந்த பழைய துண்டு முதலில் தனியே எடுத்து வைக்கப்படும். இதனால் பேக்கப் புரோகிராம் மணிக்கணக்கில் படித்தாலும் அது காண்பது அந்த ஒரே கணத்தின் டிஸ்கைத்தான். முன்பு சொன்ன ஸ்டிக்கி நோட்ஸ் டேட்டாபேஸும் அதன் பக்கத்துப் பதிவும் ஒன்றுக்கொன்று பொருந்தியபடியே வந்து சேரும். அந்தப் பழைய துண்டுகள் போய்த் தங்கும் இடம் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டர். இடத்தை அடைக்கிறது என்று ஓனர்ஷிப் எடுத்துப் பலர் சுத்தம் செய்யப் பார்ப்பது இதைத்தான்.

“என் கம்ப்யூட்டர், என் காசு. எனக்கே அனுமதி இல்லை என்று சொல்ல இவன் யார்?” என்ற கேள்விக்கு மட்டும் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கேள்வி நியாயமானது. கணினியின் மீது உரிமையாளருக்கே இறுதி அதிகாரம் இருக்க வேண்டும் என்பதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் கம்ப்யூட்டருக்கு உங்கள் முகம் தெரியாது. உங்கள் பெயரில் ஓடும் பிரவுசர், விளையாட்டு, இலவசமாக இறக்கிய பிடிஎஃப் மாற்றி எல்லாமே அதற்கு நீங்கள்தான். பூட்டு தடுப்பது அவற்றை. உரிமையாளருக்கென்று பேக்கப் உரிமை தனியாக இருக்கும்போது, அதைக் கேட்டு வாங்குவதை விட்டுப் பூட்டையே பெயர்த்தால், அந்த அத்தனை புரோகிராம்களுக்கும் சேர்த்து அதிகாரம் கொடுத்ததாகிறது.

ஓனர்ஷிப் எடுப்பது சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. செத்துப்போன கம்ப்யூட்டரின் பழைய டிஸ்கில் உங்கள் பயனர் ஃபோல்டர் இருக்கிறது. அதன் உரிமையாளர் இப்போது எங்கும் இல்லாத ஒரு கணக்கின் நீண்ட எண். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், உங்கள் பெயருக்கு மட்டும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அந்த டிஸ்க் இனி விண்டோஸாக ஓடப்போவதில்லை. முறிவுக்குப் பிறகான இந்த மீட்பு வேலையை ஓடுகிற கம்ப்யூட்டருக்கும் பொது விதியாக்கியதுதான் கேடு.

‘எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறது, பேக்கப் எதற்கு’ என்பவர்களிடம் அதிகம் வாதிட வேண்டியதில்லை. ஒன்டிரைவ் ஒரு பக்கம் நடந்ததை மறுபக்கத்திலும் நடத்தும். நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும், அவ்வளவுதான். அழிப்பது நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2018 அக்டோபரில் 1809 பதிப்பை வெளியிட்ட சில நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறிடத்துக்குத் திருப்பியிருந்த சிலரின் பழைய ஃபோல்டர்களை, உள்ளிருந்த ஃபைல்களோடு, அந்த அப்டேட்டே அழித்துவிட்டது. முந்தின நாள் எடுத்த இமேஜ், அதாவது முழு டிஸ்கின் நகல், வைத்திருந்தவருக்கு அது ஒரு மாலை நேர வேலை.

இந்தத் தவறான பாடம் பரவியதில் மைக்ரோசாஃப்டின் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. எக்ஸ்ப்ளோரரில் ஒரு பூட்டிய ஃபோல்டரைத் திறந்தால், தொடரவும் என்ற பொத்தானை அழுத்தினால் நிரந்தர அனுமதி கிடைக்கும் என்று அதுவே சொல்கிறது. அழுத்தினால் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயரை நிரந்தரமாக எழுதியும் விடுகிறது. ஒரு முறை பார்த்துவிட்டு மூட நினைத்தவருக்கு அதன் விளைவைப் பற்றி எந்த எச்சரிக்கையும் இல்லை. முழு டிஸ்கையும் இமேஜாக எடுக்கும் வசதி விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. 2017-இல் விண்டோஸ் 10-இன் 1709 பதிப்போடு அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, வேறு நிறுவனங்களின் புரோகிராமைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அது விண்டோஸ் 11-இலும் கன்ட்ரோல் பேனலின் மூலையில், விண்டோஸ் 7 என்ற பழைய பெயரோடு கிடக்கிறது. புதிய விண்டோஸ் பேக்கப் செயலியோ இமேஜ் எடுப்பதில்லை. நல்ல வழியை ஒளித்து வைத்துவிட்டு, கெட்ட வழிக்குப் பொத்தான் வைத்த நிறுவனம் இது.

ஆனாலும் ஒளிந்திருக்கும் அந்த வழி வேலை செய்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த ஓர் எக்ஸ்டெர்னல் டிஸ்க் இருந்தால், சி-யையும் துவக்கப் பகுதியையும் சேர்த்தே இமேஜ் எடுத்துவிடும். இமேஜ் எடுக்கும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் புரோகிராமின் இலவசப் பதிப்பு 2024 ஜனவரி 1-ஓடு நின்றுவிட்டது வருத்தம்தான். அதே வேலைக்கு வீம் நிறுவனத்தின் இலவச ஏஜென்ட் இருக்கிறது. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்ஸில்லா பென் டிரைவிலிருந்து ஓடும், விண்டோஸ் அணைந்திருக்கும்போது டிஸ்கின் துண்டுகளை அப்படியே எடுக்கும், அனுமதிகளும் கூடவே வரும். அதற்கு முன் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் செய்ய வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். எடுத்து முடித்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருக்கும் பேக்கப் டிஸ்கை ரான்சம்வேர் முதலில் தேடும்.

எடுத்த இமேஜை ஒருமுறையாவது திறந்து, ஒரு ஃபைலை மீட்டுப் பார்க்காதவருக்கு பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. 2017 ஜனவரி 31-இல் மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தபோது, அன்றாட பேக்கப் பல நாளாக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேர டேட்டா போயிற்று. கம்ப்யூட்டரையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நடந்தது இது.

இன்னொன்றையும் சர்வீஸ் கடை நண்பர்கள் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. அந்த டிஸ்கைக் கழற்றி இன்னொரு சிஸ்டத்தில் மாட்டினால் ஃபோல்டரே தெரியாது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். ஓனர்ஷிப் எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அதே கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸுக்குள்ளிருந்தே எடுக்கிற இமேஜுக்கு அந்தச் சாவி தேவையில்லை. டேட்டா திறந்த நிலையில்தான் அதில் வந்து சேரும், அதனால் அந்த இமேஜுக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டு வைக்க வேண்டும்.